குழாயைத் திறந்தா தண்ணி வருது... அதோட மதிப்பு எங்கே தெரியுது? கெர்லிங்கிலிருந்து ஒரு விளக்கம்

காலை ஆறு மணி. கெர்லிங்கில் ஒரு தாமான் வீடு. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. பல் துலக்கியாச்சு, குளிச்சாச்சு, காப்பிக்குத் தண்ணீர் கொதிக்குது. இதுவரை அந்த வீட்டில் யாரும் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதே வீடு, இன்னொரு நாள். குழாயில் காற்று மட்டும் சத்தம் போட்டுக்கொண்டு வருகிறது. பத்து நிமிடத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழு சூடாகிவிடுகிறது. "உங்க ஏரியாவுல தண்ணி இருக்கா?" "மாசாமாசம் பில் கட்டுறோம், என்னதான் செய்றாங்க?"

முதல் நாளில் சேவை ஒழுங்காக நடந்தது, யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் நாளில் நின்றது, எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தண்ணீர், மின்சாரம், இணையம், குப்பை லோரி என்று நாம் காசு கொடுக்கும் பெரும்பாலான சேவைகளின் கதை இதுதான். ஏர்கோன் பழுது பார்ப்பவர், டியூஷன் ஆசிரியர், வீட்டிலிருந்து கேட்டரிங் செய்யும் அக்கா ஆகியோருக்கும் இதே தலைவலி உண்டு.

செய்த வேலையின் மதிப்பை வாடிக்கையாளருக்குத் தெரியவைப்பது எப்படி? அதைத் தண்ணீரை வைத்தே பார்ப்போம். உலு சிலாங்கூரிலும் கோல சிலாங்கூரிலும் வாழ்பவர்களுக்கு இது பக்கத்து வீட்டுக் கதை.

சுருக்கமாக:

• நன்றாக நடக்கும் சேவை கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாததற்குக் காசு கொடுக்க மனம் வராது.
• சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா வட்டாரத்துக்கான குழாய் நீரில் சுமார் 60 விழுக்காடு சிலாங்கூர் ஆற்றுப் படுகையிலிருந்து கிடைக்கிறது. கெர்லிங் அந்தப் படுகையில்தான் இருக்கிறது.
• பில், மீட்டர், தடை அறிவிப்பு ஆகிய மூன்றும்தான் வாடிக்கையாளர் அந்தச் சேவையைப் பார்க்கும் ஜன்னல்கள்.
• வேலையைக் காட்டினால் மதிப்பு கூடும். ஆனால் குறையை மறைத்துவிட்டு வேலையை மட்டும் காட்டினால் நம்பிக்கை போய்விடும்.

ரொட்டி சானாய்க்கு இருக்கும் வசதி

கடையில் ஒரு கைபேசி வாங்கினால் கையில் ஒரு பெட்டி இருக்கும். தூக்கிப் பார்க்கலாம், நண்பர்களிடம் காட்டலாம். சேவையில் அப்படி எதுவும் கைக்கு வராது. வேலை முடிந்ததும் அது மறைந்துவிடும்.

மாமாக் கடையில் ரொட்டி சானாய் போடுபவரைக் கவனித்திருப்பீர்கள். மாவை வீசுவார், விரிப்பார், மடிப்பார், கல்லில் போடுவார், கடைசியில் இரண்டு கையாலும் தட்டி உதிர்ப்பார். எல்லாம் நம் கண் முன்னால் நடக்கிறது. ரொட்டியின் விலை ஏறினால் முணுமுணுப்போம், ஆனாலும் "இதுல என்ன வேலை இருக்கு?" என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்து ஏர்கோன் பழுது பார்க்க வந்த தம்பி. பெட்டியைத் திறக்கிறார், ஒரு பாகத்தை மாற்றுகிறார், பத்து நிமிடத்தில் குளிர்ந்த காற்று வந்துவிடுகிறது. வீட்டுக்காரம்மா கேட்பார்: "தம்பி, பத்து நிமிஷம்தானே ஆச்சு. இதுக்கா 120 வெள்ளி?"

அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால் பத்து வருட அனுபவம் இருக்கலாம். ஆனால் அந்த அம்மா பார்த்தது பத்து நிமிடத்தைத்தான். இதே வேலையை ஒருவர் இரண்டு மணி நேரம் தடுமாறிச் செய்திருந்தால் "பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டாரு" என்று கூடவே ஒரு கிளாஸ் மைலோவும் கிடைத்திருக்கும். திறமை கூடக் கூட வேலை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. சேவைத் தொழிலின் சங்கடம் இதில்தான் இருக்கிறது.

தண்ணீர் விநியோகம் அந்த ஏர்கோன் தம்பியின் நிலைமைதான், பல லட்சம் மடங்கு பெரிதாக.

கெர்லிங்கில் நின்று பார்த்தால் என்ன தெரியும்?

கெர்லிங் ஆறு இந்த ஊரைத் தொட்டு ஓடி, கீழே சிலாங்கூர் ஆற்றில் கலக்கிறது. சிலாங்கூர் ஆறு ஃபிரேசர் மலைப் பக்கத்து மலைத்தொடரில் பிறந்து, கோல குபு பாருவைத் தாண்டி, ரப்பரும் செம்பனையும் விளைந்த தோட்டங்களுக்கு நடுவே வந்து, கோல சிலாங்கூரில் கடலைச் சேர்கிறது. கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சிகளைப் பார்க்கப் படகில் போவார்களே, அதுவும் இதே ஆறுதான்.

ஆற்றின் மேல்பகுதியில், கோல குபு பாருவிலிருந்து ஃபிரேசர் மலைக்குப் போகும் வழியில் சுங்கை சிலாங்கூர் அணை இருக்கிறது. அதன் கொள்ளளவு சுமார் 230 மில்லியன் கன மீட்டர். இதே படுகையில் சுங்கை திங்கி அணையும் உண்டு. மழை குறையும்போது இந்த அணைகளிலிருந்து ஆற்றுக்குத் தண்ணீர் திறந்துவிடப்படும். ஆற்றில் வரும் நீரைக் கீழே ராசா, பெஸ்தாரி ஜெயா, புக்கிட் பாடோங் ஆகிய இடங்களில் உள்ள நிலையங்கள் எடுத்துச் சுத்திகரிக்கின்றன.

அதாவது, பெட்டாலிங் ஜெயாவில் ஒருவர் குழாயைத் திறக்கும்போது, உலு சிலாங்கூரில் பெய்த மழைதான் அவர் கையில் விழுகிறது. அவருக்கு அது தெரியாது. உலு சிலாங்கூரிலேயே இருக்கும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதும் கேள்விதான்.

ஆனால் இந்த வட்டாரத்தின் ஊர்ப் பெயர்களிலேயே தண்ணீரின் கதை பதிந்திருக்கிறது. கோல குபு பாருவுக்கு அருகில் அம்பாங் பெச்சா என்று ஓர் ஊர். மலாய் மொழியில் அதற்கு 'உடைந்த அணை' என்று பொருள். 1883 அக்டோபரில் அங்கிருந்த பழைய மண் அணை உடைந்து கோல குபு ஊர் வெள்ளத்தில் மூழ்கியது. அப்போதைய பிரிட்டிஷ் அதிகாரி சிசில் ரேங்கிங்கும் அதில் இறந்தார். அவர் ஆற்றிலிருந்த வெள்ளை முதலையைச் சுட்டதால்தான் அணை உடைந்தது என்று ஊரில் ஒரு கதையும் உண்டு. அதன் பிறகும் வெள்ளம் விடவில்லை. கடைசியில் ஊரையே மேட்டு நிலத்துக்கு மாற்றினார்கள். பெயரில் இருக்கும் 'பாரு', அதாவது 'புதிய', அப்படி வந்ததுதான்.

அந்த அணை உடைந்த பிறகு ஓர் ஊருக்கே பெயராகிவிட்டது!

குழாய்க்கு முன்னால் நடக்கும் வேலை

ஆற்று நீர் அப்படியே குழாய்க்கு வருவதில்லை. இடையில் இவ்வளவு வேலை நடக்கிறது:

1. ஆற்றிலிருந்து நீரை எடுக்கும்போதே மரக்கிளை, பிளாஸ்டிக் போன்றவை கம்பி வலைகளில் தடுக்கப்படும்.
2. நீரில் காற்று கலக்கப்படும். கரைந்திருக்கும் இரும்பு, வாயு, வாடை ஆகியவை குறைய இது உதவும்.
3. படிகாரம் போன்ற வேதிப்பொருள் சேர்க்கப்படும். நுண்ணிய சேற்றுத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும்.
4. அந்தக் கட்டிகள் பெரிய தொட்டிகளில் அடியில் படியும்.
5. மேலே தெளிந்த நீர் மணல் வடிகட்டிகள் வழியாகப் போகும்.
6. கிருமிகளைக் கொல்லக் குளோரின், அமிலத்தன்மையைச் சரிசெய்யச் சுண்ணாம்பு, பல் சொத்தையைக் குறைக்கச் சிறிதளவு ஃபுளூரைடு சேர்க்கப்படும்.
7. பிறகு பம்ப் மூலம் நீர்த்தேக்கத் தொட்டிகளுக்கு ஏற்றி, குழாய் வழியாக வீடுகளுக்கு அனுப்பப்படும்.

இதில் ஒரு படிகூட வீட்டிலிருப்பவர் கண்ணில் படாது. அவர் பார்ப்பது இரண்டைத்தான்: குழாயையும் பில்லையும்.

பில் என்ன சொல்கிறது?

சிலாங்கூரில் 2024 பிப்ரவரி 1 அன்று அமலுக்கு வந்த விகிதப்படி வீடுகளுக்கான கட்டணம் இப்படி இருந்தது:

• முதல் 20 கன மீட்டர்: கன மீட்டருக்கு 65 சென்
• 20க்கு மேல் 35 வரை: 1 ரிங்கிட் 32 சென்
• 35க்கு மேல்: 2 ரிங்கிட் 63 சென்

விகிதம் அதன் பிறகு மாறியிருக்கலாம். கணக்குப் போடும் முறை இதுதான். உங்கள் கையிலிருக்கும் பில்லில் உள்ள விகிதத்தை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

ஒரு கன மீட்டர் என்றால் 1,000 லிட்டர். இந்த இடத்தில்தான் பல பேருக்கு மதிப்பு நழுவிப் போகிறது. 'கன மீட்டர்' என்ற அளவு நம் சமையலறையில் எங்கும் இல்லை. நமக்குத் தெரிந்தது வாளி, போத்தல், டிரம். அரை லிட்டர் மினரல் வாட்டர் போத்தல் 1 ரிங்கிட் 30 சென் என்று வைத்துக்கொள்வோம். அதே காசுக்கு, 2024இன் முதல் விகிதத்தில், குழாயில் 2,000 லிட்டர் வரும். அதாவது 4,000 போத்தல்.

இப்போது மாதக் கணக்கு. மலேசியாவில் ஒருவர் நாளுக்கு 200 லிட்டருக்கும் மேல் பயன்படுத்துகிறார். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 26 கன மீட்டர் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் 20க்கு 13 ரிங்கிட், மீதி 6க்கு 7 ரிங்கிட் 92 சென். மொத்தம் 20 ரிங்கிட் 92 சென். ஒரு நாளுக்கு ஏறக்குறைய 70 சென்.

அதே வீட்டில் கழிவறைத் தொட்டி கசிந்து, பயன்பாடு 40 கன மீட்டரானால் பில் 45 ரிங்கிட் 95 சென். பயன்பாடு ஒன்றரை மடங்குதான் கூடியது, பில்லோ இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. மேலே போகப் போக விகிதம் ஏறுவதே காரணம். இது புரியாதவருக்குப் பில்லைப் பார்த்ததும் "மீட்டர்ல ஏதோ கோளாறு" என்றுதான் தோன்றும்.

மதிப்பைத் தெரியவைப்பதன் முதல் பாடம் இது. வாடிக்கையாளர் தினமும் புழங்கும் அளவில் பேச வேண்டும். '26 கன மீட்டர்' என்பது வெறும் எண். 'உங்கள் வீட்டில் ஒருவர் நாளுக்கு சுமார் 217 லிட்டர்' என்று சொன்னால் அது அந்த வீட்டின் சொந்தக் கதை ஆகிவிடும்.

இலவசம் ஆனால் மதிப்பு தெரியுமா?

2008 ஜூனில் சிலாங்கூர் மாநில அரசு ஒவ்வொரு வீட்டுக்கும் முதல் 20 கன மீட்டரை இலவசமாக்கியது. அப்போதைய விகிதம் கன மீட்டருக்கு 57 சென். ஆக, ஒரு வீட்டுக்கு மாதம் 11 ரிங்கிட் 40 சென் மிச்சம். 2020 மார்ச்சில் இது குடும்ப வருமானம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்போகாதவர்களுக்கு மட்டும் என்று மாறியது. பின்னர் அந்த வரம்பு 5,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது.

வருமானம் குறைந்த குடும்பத்துக்கு அந்த 11 ரிங்கிட் 40 சென் உண்மையான உதவி. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இலவசத்தைக் காட்டும் முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பில்லில் வெறும் பூஜ்யம் வந்தால், தண்ணீருக்கு விலையே இல்லை என்றுதான் மனதில் பதியும். 'உண்மையான விலை இவ்வளவு, அரசு ஏற்றது இவ்வளவு, நீங்கள் கட்டுவது இவ்வளவு' என்று மூன்று வரி இருந்தால், உதவியும் தெரியும், விலையும் தெரியும்.

அரசு கிளினிக்கில் வெளிநோயாளியாகப் போனால் நாம் கொடுப்பது 1 ரிங்கிட். டாக்டர், மருந்து, தாதி, கட்டடம் எல்லாவற்றுக்குமான செலவு அந்த ஒரு ரிங்கிட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் "ஒரு வெள்ளி மருந்து வேலை செய்யுமா?" என்று கேட்கிற மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். விலையை மறைத்தால் சில சமயம் தரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

சொந்தத் தொழில் செய்பவர்களும் இதைக் கவனிக்கலாம். பழகியவருக்குச் சும்மா செய்துகொடுத்தால்கூட, ரசீதில் '80 ரிங்கிட், கழிவு 80 ரிங்கிட்' என்று எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை காசு கேட்கும்போது அவருக்கு அதிர்ச்சியாக இருக்காது.

பில்லையே பார்க்காத தலைமுறை

கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் தோட்டங்களில் வளர்ந்த தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். லயத்து வீடுகளுக்குப் பொதுவாக ஒரு பைப், காலையும் மாலையும் வரிசை. தண்ணீர் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. பிற்காலத்தில் 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் தரநிலைச் சட்டம் அதைத் தெளிவாகவே சொன்னது: தொழிலாளருக்கு வீடு கொடுக்கும் முதலாளி, போதுமான குழாய் நீரை இலவசமாகத் தர வேண்டும்.

அதாவது தோட்டத்து மக்களுக்குத் தண்ணீர், சம்பளத்தோடு சேர்ந்து வந்த உரிமை. அதற்கென்று தனி பில் கையில் கிடைத்ததில்லை. தோட்டம் விற்கப்பட்டு, தாமானுக்கோ மலிவு விலை அடுக்குமாடிக்கோ குடிபெயர்ந்தபோதுதான் முதல் பில் வந்தது. "தோட்டத்துல சும்மா கெடைச்சது, இங்க ஏன் காசு?" என்று பெரியவர்கள் கேட்டால், அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. முன்பு அந்தச் செலவை அவர்கள் உழைப்பே ஏற்றிருந்தது; அந்தக் கணக்கை அவர்களிடம் யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

அடுக்குமாடியில் இன்னொரு சிக்கல்: மொத்த மீட்டர். முழு கட்டடத்துக்கும் ஒரே மீட்டர் இருந்தால், பில் நிர்வாகக் குழுவுக்குப் போகும். அவர்கள் வீட்டுக்கு வீடு பிரித்து வசூலிப்பார்கள். சிலர் கட்டாமல் விட்டால் பாக்கி ஏறும். ஒழுங்காகக் கட்டியவரின் குழாயும் காய்ந்துபோகும் அபாயம் உண்டு. சிக்கனமாக இருப்பவருக்கும் பலன் தெரியாது, வீணடிப்பவருக்கும் விலை தெரியாது. தனி மீட்டர் வந்தால், அவரவர் பயன்பாடு அவரவருக்குத் தெரியும். மதிப்பைக் காட்டும் கருவிகளில் மிகப் பழையதும் மிக நேர்மையானதும் மீட்டர்தான்.

பார்க்கவே விரும்பாத சேவை

தண்ணீர் வருவதையாவது பார்க்கிறோம். போவதை? கழிவறையில் தண்ணீர் ஊற்றிய பிறகு என்ன நடக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. அந்த வேலையைச் செய்வது இண்டா வாட்டர்.

முன்பு ஊராட்சி மன்றங்கள் பார்த்துக்கொண்ட கழிவுநீர் வேலை, 1993ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தனியார்மயமாகி இந்த நிறுவனத்திடம் போனது. அப்போதுதான் வீடுகளுக்குத் தனி பில் வரத் தொடங்கியது. மக்கள் கொதித்துப்போனார்கள். "நேத்து வரைக்கும் இல்லாத பில் இன்னைக்கு எங்கேருந்து வந்துச்சு?" பலர் கட்டவே மறுத்தார்கள். கட்டணம் குறைக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அரசாங்கமே நிறுவனத்தை எடுத்துக்கொண்டது.

பல ஆண்டுகளாக, பொதுக் கழிவுநீர்க் குழாயோடு இணைந்த சாதாரண வீட்டுக்குக் கட்டணம் மாதம் 8 ரிங்கிட்டாக இருந்தது. மலிவு விலை வீட்டுக்கு 2 ரிங்கிட். கிராமம், புதுக்கிராமம், தோட்டத்து வீடுகளுக்கு 3 ரிங்கிட். இரண்டு தட்டு நாசி லெமாக் விலைகூட ஆகாத தொகைக்கு ஏன் அவ்வளவு எதிர்ப்பு?

ஒரு காரணம், அந்த வேலை நிலத்துக்கு அடியில் நடக்கிறது. இன்னொரு காரணம், பில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்தது. மாதம் 8 என்பது 48 ரிங்கிட்டாக ஒரே நாளில் வந்து நின்றது. அந்த ஆறு மாதத்தில் நிறுவனம் வீட்டுப் பக்கம் வந்ததாக வீட்டுக்காரருக்கு ஞாபகமே இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, சேவையின் நோக்கம் என்ன என்பதை விளக்குவதற்கு முன்பே பில் வந்துவிட்டது.

கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் ஆற்றில் கலந்தால், அதே ஆற்றிலிருந்துதான் கீழே இன்னொரு நிலையம் குடிநீருக்கு நீர் எடுக்கும். இந்த ஒரு வரியைச் சொன்னால் இரண்டு பில்லுக்கும் உள்ள உறவு புரிந்துவிடும். கழிவுநீருக்குக் கட்டும் காசு, சுற்றிவந்து நம் குழாய் நீரைத்தான் காக்கிறது.

நின்றுபோன நாட்கள் சொன்னது

2014 பிப்ரவரி இறுதியில் சிலாங்கூரில் நீர்ப் பங்கீடு தொடங்கியது. வறட்சியால் அணை நீர்மட்டம் இறங்க, பல இடங்களில் இரண்டு நாள் தண்ணீர், இரண்டு நாள் தடை என்று ஏப்ரல் முடியும்வரை ஓடியது. ஒவ்வொரு வீட்டிலும் டிரம்மும் வாளியும் நிறைந்தன.

2020 செப்டம்பரில் நடந்தது வேறு மாதிரி. ரவாங்கில் சுங்கை கோங் ஆற்றில் கலந்த மாசு, சிலாங்கூர் ஆற்றுக்கு வந்து சேர்ந்தது. நீரில் வாடை தெரிந்ததும் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. ஏறக்குறைய 12 லட்சம் பயனீட்டாளர் கணக்குகள் பாதிக்கப்பட்டன.

நிலையங்களை மூடியது ஒரு வகையில் சேவைதான். மாசுபட்ட நீர் வீட்டுக்குள் வராமல் தடுத்தார்கள். ஆனால் காய்ந்த குழாய்க்கு முன்னால் நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்? சொன்னால்தான் தெரியும்.

தடை நேரத்தில் வாடிக்கையாளருக்கு வேண்டியது நான்கு பதில்கள்: என்ன நடந்தது? என் வீடு பட்டியலில் இருக்கா? எப்ப தண்ணி வரும்? அதுவரைக்கும் லோரித் தண்ணி எங்கே கிடைக்கும்? இந்த நான்கும் இல்லாத அறிவிப்பு, எத்தனை முறை மன்னிப்புக் கேட்டாலும் எரிச்சலைத்தான் கூட்டும். 'நாளை காலை' என்று சொல்லிவிட்டு நாளை இரவு கொடுப்பதைவிட, 'நாளை இரவு' என்று சொல்லிவிட்டு மாலையில் கொடுப்பது நல்லது.

வேலையைக் காட்டினால் உண்மையிலேயே மதிப்பு கூடுமா?

இதை ஆராய்ச்சியாளர்கள் சோதித்திருக்கிறார்கள். ஹார்வர்ட் வணிகப் பள்ளியைச் சேர்ந்த ரயன் பியூல், மைக்கேல் நார்ட்டன் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பயணச்சீட்டுத் தேடும் இணையதளம் ஒன்றை உருவாக்கினார்கள். சிலருக்கு விடை உடனே வந்தது. சிலர் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் 'இப்போது இந்த விமான நிறுவனத்தில் தேடுகிறோம்' என்று வேலை நடப்பது திரையில் தெரிந்தது. உடனே விடை கிடைத்ததைவிட, வேலையைப் பார்த்தபடி காத்திருந்த சேவையையே பலர் உயர்வாக மதித்தார்கள்.

ஆனால் அதே ஆய்வில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. கடைசியில் கிடைத்த விடை மோசமாக இருந்தால், உழைப்பைக் காட்டியது உதவவில்லை. 'இவ்வளவு தேடியும் இதுதானா?' என்ற எண்ணம்தான் மிஞ்சியது. ரொட்டி சானாயை எவ்வளவு அழகாக வீசினாலும், தட்டில் வருவது கருகியிருந்தால் யாரும் கைதட்ட மாட்டார்கள்.

மறைக்கக் கூடாதது எது?

மதிப்பைத் தெரியவைப்பது என்றால் விளம்பரப் பலகை வைப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். சிரித்த முகமும் நீலத் துளியும் போட்ட சுவரொட்டியால் யாருடைய சந்தேகமும் தீராது.

நேர்மையாகக் காட்டுவது என்றால் குறையையும் காட்ட வேண்டும். நாட்டில் சுத்திகரித்து அனுப்பும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், கசிவு, திருட்டு, பழைய மீட்டர் ஆகியவற்றால் வருமானம் தராமல் போகிறது. சிலாங்கூரில் இது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கட்டணம் ஏறும்போது, 'இந்தப் பணத்தில் இத்தனை கிலோமீட்டர் பழைய குழாய் மாற்றப்பட்டது, கசிவு இவ்வளவு குறைந்தது' என்று கேட்கும் உரிமை காசு கட்டுபவருக்கு இருக்கிறது. அதற்குப் பதில் சொல்வதும் சேவையில் ஒரு பகுதிதான்.

பில்லில் ஒருபோதும் வராத விலையும் உண்டு. சுங்கை சிலாங்கூர் அணைக்காக, அந்தப் பள்ளத்தாக்கில் பல தலைமுறையாக வாழ்ந்த தெமுவான் பழங்குடியினரின் இரண்டு கிராமங்கள், கெராச்சியும் பெர்தாக்கும், இடம் மாற வேண்டியிருந்தது. குழாயில் வரும் ஒவ்வோர் ஆயிரம் லிட்டரிலும் அவர்களுடைய பங்கும் கலந்திருக்கிறது.

சொந்தத் தொழில் செய்றீங்களா? இதை முயற்சி பண்ணுங்க

தண்ணீர் நிறுவனத்துக்குப் பொருந்துவது, மோட்டார் பைக்கில் கருவிப் பெட்டியோடு போகும் தம்பிக்கும் பொருந்தும்.

• முன்பும் பின்பும் படம் எடுங்கள். ஏர்கோன் வடிகட்டியில் இருந்த அழுக்கை, கழுவுவதற்கு முன் வாடிக்கையாளரிடம் காட்டுங்கள். கழுவிய பிறகு மறுபடியும் காட்டுங்கள்.

• விலையைப் பிரித்து எழுதுங்கள். 'மொத்தம் 120' என்பதைவிட, 'பாகம் இவ்வளவு, பயணம் இவ்வளவு, வேலை இவ்வளவு, மூன்று மாத உத்தரவாதம்' என்று எழுதினால் கேள்வி குறையும்.

• அவர்கள் அளவில் பேசுங்கள். டியூஷன் ஆசிரியர் 'எட்டு வகுப்பு முடிந்தது' என்று சொல்வதைவிட, 'மாசத் தொடக்கத்தில் பின்னக் கணக்கு பத்தில் மூணுதான் சரியா வந்தது, இப்ப ஏழு வருது' என்று சொன்னால் பெற்றோருக்குப் புரியும்.

• நடக்காமல் தடுத்ததைச் சொல்லுங்கள். 'இந்த ஒயர் உருகத் தொடங்கியிருந்தது, மாற்றிட்டேன்' என்று சொல்லி, பழைய ஒயரைக் கையில் கொடுங்கள். தடுத்த விபத்தை வேறு எப்படியும் காட்ட முடியாது.

• தாமதமானால் முதலில் நீங்களே கூப்பிடுங்கள். 'அக்கா, அரை மணி நேரம் லேட்டாகும்' என்ற ஒரு செய்தி, பிறகு சொல்லும் பத்து சாக்குக்குச் சமம்.

• செய்யாததைச் செய்ததாகக் காட்டாதீர்கள். பத்து நிமிட வேலையை வேண்டுமென்றே ஒரு மணி நேரமாக இழுப்பது, மதிப்பைக் காட்டுவதில் சேராது. ஒரு நாள் தெரிந்துவிடும்.

வாடிக்கையாளராக நாம் என்ன செய்யலாம்?

அடுத்த பில் வரும்போது கடைசி வரியில் உள்ள தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். மூன்றைக் கவனியுங்கள்: எத்தனை கன மீட்டர், எத்தனை நாளுக்கு, போன மாதத்தைவிட கூடியதா குறைந்ததா. கன மீட்டரை 1,000ஆல் பெருக்கி, நாட்களாலும் வீட்டிலுள்ள ஆட்களாலும் வகுத்தால், ஒருவருக்கு நாளுக்கு எத்தனை லிட்டர் என்று வரும்.

திடீரென்று கூடியிருந்தால், இரவில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் எடுக்காமல் இருந்து மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் கழிவறைத் தொட்டிதான்.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், அந்தக் கணக்கை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து போடுங்கள். பொதுப் பைப்பில் வரிசையில் நின்று, குடத்தைத் தலையில் தூக்கிப் போனவர்களுக்கு ஒரு குடம் தண்ணீரின் எடை தெரியும். நமக்குத் தெரிந்தது பில்லில் உள்ள விலைதான். அவர்களிடம் கேட்டால் மீதிக் கணக்கும் கிடைக்கும்.